பத்தாவது முடித்த பையனைக் கடையில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்களுடையது ஜெராக்ஸ் எடுத்துக்கொடுத்து நோட்டுப் புத்தகமும் விற்கும் கடை. மே, ஜூன் மாதங்களில் கூட்டம் தாங்காது. பக்கத்துத் தெருப் பையன் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறான், வயது 15. லீவில் நாள் முழுக்கவும், பள்ளி திறந்த பிறகு மாலை 5 முதல் இரவு 9 வரையும் அவனை வைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். கூடவே உங்கள் தங்கை மகன், 12 வயது, அவனும் "மாமா, நானும் கடைக்கு வர்றேன்" என்று நிற்கிறான். பையனின் அப்பாவிடம் சம்மதக் கடிதம் எழுதி வாங்கியாயிற்று, அது போதுமா என்பது உங்கள் கேள்வி.

வயதைப் பற்றிய கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த 15 வயதுப் பையன் விஷயத்தில் வயது தடையே இல்லை. தடை, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த "இரவு 9". இதைத்தான் பெரும்பாலான கடைக்காரர்கள் கவனிப்பதில்லை. "14 முடிஞ்சிருச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்பார்கள். 14 முடிந்தால் கதவு திறக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தக் கதவு காலை 8 மணிக்குத் திறந்து இரவு 7 மணிக்கு மூடிவிடுகிறது.

நான் வக்கீல் இல்லை. கடைகளுக்கும் சிறு பட்டறைகளுக்கும் தொழிலாளர் சட்டப் பதிவேடுகள் எழுதிக்கொடுப்பது, ஆய்வு வரும்போது கூட நிற்பது, நோட்டீசுக்குப் பதில் தயார் செய்வது என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும், ஆய்வாளர் கடைக்குள் நுழைந்ததும் எதைப் பார்க்கிறார் என்பதையும் என்னால் சொல்ல முடியும். வழக்கு என்று வந்துவிட்டால் அது வேறு ஆள் பார்க்க வேண்டிய வேலை.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. இதற்கான அடிப்படைச் சட்டம் 1986-ல் வந்தது. அப்போது குழந்தைத் தொழிலாளர் சட்டம் என்று மட்டும் பெயர். 14 வயதுக்கு உட்பட்டவர்களைச் சில தொழில்களில் மட்டும்தான் அது தடுத்தது. டீக்கடை, ஓட்டல், வீட்டு வேலை எல்லாம் அந்தப் பட்டியலில் சேர்ந்ததே 2006 அக்டோபரில்தான். 2016-ல் சட்டத்தைப் பெரிய அளவில் திருத்தி, குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் என்று பெயரையும் மாற்றினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் 14 வயது முடியாத குழந்தையை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது. ஆபத்தான வேலை, சாதாரண வேலை என்ற பிரிவே அவர்களுக்குக் கிடையாது. 14 முடிந்து 18 முடியாதவர்களைச் சட்டம் வளரிளம் பருவத்தினர் என்கிறது. அவர்களைச் சுரங்கம், வெடிபொருள் மற்றும் எளிதில் தீப்பற்றும் பொருள், ஆபத்தான ஆலைத் தொழில்கள் ஆகியவற்றில் வைக்கக்கூடாது. மற்ற இடங்களில் வைக்கலாம், நிபந்தனைகளோடு. உங்கள் கடைச் சுவரில்கூட இதைச் சொல்லும் போர்டு ஒன்று ஒட்டியிருக்கும், அல்லது ஒட்டியிருக்க வேண்டும். எல்லாக் கடையிலும் காலண்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்குமே, அதேதான்.

29 மத்தியச் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக மாற்றியபோது இந்தச் சட்டமும் போய்விட்டது என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை. அந்த 29-ல் இது கிடையாது. தனிச் சட்டமாகவே நிற்கிறது.

இன்னொன்று. "பார்ட் டைம்" என்ற சொல் இந்தச் சட்டத்தில் எங்குமே இல்லை. இரண்டு மணி நேரம் நின்றாலும் வேலைதான், நாள் முழுக்க நின்றாலும் வேலைதான். "சம்பளம் தரவில்லை, தொழில் பழகட்டும் என்று நிற்க வைத்தேன்", "பாக்கெட் மணிதான் கொடுத்தேன்" என்பதெல்லாம் எடுபடாது. தண்டனைப் பிரிவு, வேலைக்கு வைத்தவரை மட்டும் பிடிப்பதில்லை. வேலை செய்ய அனுமதித்தவரையும் சேர்த்தே பிடிக்கிறது.

இப்போது அந்த 15 வயதுப் பையன். சட்டத்தின் 7, 8-ஆம் பிரிவுகள்தான் உங்களுக்கு வேண்டியவை. தொடர்ச்சியாக 3 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. அதற்குள் குறைந்தது 1 மணி நேர ஓய்வு கொடுத்தாக வேண்டும். ஓய்வு, வேலைக்காகக் காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்து ஒரு நாளில் மொத்தம் 6 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கூடாது. ஓவர்டைம் கிடையாது. அதே நாளில் வேறு கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவனை வைக்கக்கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை, அது எந்தக் கிழமை என்று கடையில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அந்தக் கிழமையை மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் மாற்றவும் முடியாது.

இதை உங்கள் கடைக்குப் பொருத்திப் பாருங்கள். லீவு நாளில் காலை 10 மணிக்கு வந்தால் 1 மணி வரை வேலை. 1 முதல் 2 வரை சாப்பாடு, ஓய்வு. 2 முதல் 4 வரை வேலை. அவ்வளவுதான், 6 மணி நேரம் தீர்ந்தது. கையில் கிடைத்தது 5 மணி நேர உழைப்பு. "மத்தியானம் கூட்டம் இல்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தான்" என்று சொல்ல வழியில்லை, காத்திருக்கும் நேரமும் கணக்கில் வருகிறது. பள்ளி திறந்த பிறகு மாலை 5 மணிக்கு வந்தால் 7 மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். நீங்கள் நினைத்த 4 மணி நேரத்தில் பாதிதான் சட்டப்படி உங்களுடையது. 6.55-க்கு ஒரு காலேஜ் பையன் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் ஸ்பைரல் போட வருவான். அதை முடித்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றும். அந்த இடத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 என்று இன்னொன்றும் உங்களுக்குப் பொருந்தும். அதில் 14 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் காலை 6-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் வேலை செய்யக்கூடாது, நாளுக்கு 7 மணி நேரம், வாரத்துக்கு 42 மணி நேரம்தான் உச்சவரம்பு என்று இருக்கிறது. சில கணக்கர்கள் இந்த 7 மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு "ஒரு மணி நேரம் கூடுதலா வெச்சுக்கலாம் சார்" என்பார்கள். இரண்டு சட்டம் ஒரே விஷயத்தைப் பேசும்போது எது கடுமையோ அதைப் பிடித்துக்கொள்வதுதான் என் வழக்கம். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி நடந்தால் இரண்டிலும் மாட்ட மாட்டீர்கள்.

இந்த 7 மணி, 8 மணி எல்லை நாம் சாதாரணமாக நினைக்கும் எத்தனை வேலைகளை வெளியே தள்ளிவிடுகிறது என்று பாருங்கள். கேட்டரிங் வேலை. பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பையன்கள் முகூர்த்த நாள்களில் பந்தி பரிமாறப் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ரிசப்ஷன் சாப்பாடு இரவு 7 மணிக்குத்தான் சூடு பிடிக்கும். காலை டிபன் பந்தி 7 மணிக்கெல்லாம் உட்கார்ந்துவிடும். இலை போடுவதிலிருந்து பாயசம் வரை எல்லாமே சட்டம் தடுக்கும் நேரத்துக்குள் விழுகிறது. சமையல் கான்ட்ராக்டரின் தொழில் இந்தச் சட்டம் சொல்லும் நிறுவனம் என்பதற்குள் வருமா என்று சிலர் வாதாடலாம். வரும் என்பதுதான் என் கருத்து. பேப்பர் போடும் வேலையும் அப்படியே. விடியற்காலை 5 மணிக்கு சைக்கிளில் பேப்பர் கட்டோடு கிளம்பும் 16 வயதுப் பையனை நாம் பாராட்டுவோம். சட்டம் அவனுடைய ஏஜென்டைக் கேள்வி கேட்கும்.

இங்கே அப்துல் கலாமை இழுக்காமல் யாரும் இந்தப் பேச்சை முடிப்பதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போக ஆரம்பித்தது. ஓடும் ரயிலிலிருந்து வீசிய பேப்பர் கட்டுகளைப் பொறுக்கி எடுத்து உறவுக்காரர் சம்சுதீனுக்கு உதவினார் சிறுவன் கலாம். அதில் கிடைத்த முதல் சம்பளத்தைப் பற்றிப் பெருமையாகவே அவர் சொல்லியிருக்கிறார். இன்றைய சட்டப்படி அது நடக்க வழியில்லை. பத்து வயதை ஒட்டிய பையன் என்பது ஒன்று. சம்சுதீன் அவருக்கு ஒன்றுவிட்ட சகோதர முறை என்பது இன்னொன்று. இந்த உறவு முறை ஏன் முக்கியம் என்பது உங்கள் தங்கை மகன் விஷயத்தில் புரியும்.

14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சட்டம் இரண்டே விலக்குகள் தருகிறது. ஒன்று, பள்ளி நேரம் போக மீதி நேரத்திலோ விடுமுறையிலோ தன் குடும்பத்துக்கு அல்லது குடும்பத் தொழிலுக்கு உதவுவது. இன்னொன்று சினிமா, சீரியல், விளம்பரம், விளையாட்டு போன்றவற்றில் கலைஞராக இருப்பது. சர்க்கஸ் மட்டும் கூடாது. குடும்பம் என்றால் யார் யார் என்று சட்டமே எண்ணிச் சொல்கிறது: குழந்தையின் அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள், அப்பாவின் கூடப் பிறந்தவர்கள், அம்மாவின் கூடப் பிறந்தவர்கள். தாத்தா, பாட்டி அந்தப் பட்டியலில் இல்லை. அத்தை மகன், மாமா மகன் இல்லை. பெரியப்பா இருக்கிறார், ஆனால் அவர் கட்டிக்கொண்டு வந்த பெரியம்மா இல்லை. தாத்தா கடையில் பேரன் உதவினால் தவறு, மாமன் கடையில் உதவினால் விலக்கு உண்டு என்பது நம் ஊர்க் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் எழுதியிருப்பது அதுதான். நீங்கள் தாய்மாமன். பட்டியலுக்குள் வருகிறீர்கள்.

சந்தோஷப்படுவதற்கு முன்னால் இதையும் படியுங்கள். 2017-ல் மத்திய அரசு திருத்திய விதிகள் இந்த உதவிக்கு வேலி போட்டிருக்கின்றன. பள்ளி நேரத்தில் கூடாது, இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது. ஓய்வு போக ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வீட்டுப்பாடமோ பள்ளி கொடுத்த வேறு எந்தப் பயிற்சியோ கெடக்கூடாது. பெரியவர் ஒருவர் செய்யவேண்டிய வேலைக்கு மாற்றாகக் குழந்தையை நிறுத்தக்கூடாது. இது எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: உற்பத்தி, வினியோகம், சில்லறை விற்பனை என்ற சங்கிலியின் எந்தக் கட்டத்திலும், குழந்தைக்கோ குடும்பத்துக்கோ அந்தத் தொழிலுக்கோ வருமானம் தரும் வேலையாக அது இருக்கக்கூடாது.

இங்கேதான் எனக்கே நெருடல். சட்டம் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. விதியோ வருமானம் தரும் எதிலும் உதவக்கூடாது என்கிறது. கடை என்றாலே வருமானத்துக்காகத்தானே? அப்படியானால் கடையில் என்ன மிஞ்சும்? மாமாவுக்கு டீ வாங்கி வருவது, சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்து கொடுப்பது, மேஜையைத் துடைப்பது? நான் பார்த்த ஆய்வாளர்கள் இதை ஒரே மாதிரி எடுத்துக்கொண்டதில்லை. அப்பா கடையில் மாலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே எழுந்து ஒரு பேனாவை எடுத்துக்கொடுத்த மகனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவரும் உண்டு. கல்லாவில் நின்ற 13 வயதுப் பெண்ணுக்காக அப்பாவிடம் ஒரு மணி நேரம் விசாரித்தவரும் உண்டு. அதனால் கறாராகவே சொல்கிறேன்: தங்கை மகனை கவுண்டருக்குள் விடாதீர்கள். ஜெராக்ஸ் மெஷினைத் தொடவிடாதீர்கள். அவனுக்குச் சம்பளம் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், மாமன் என்ற முறையில் பரீட்சை முடிந்ததற்குச் சைக்கிள் வாங்கிக்கொடுங்கள். ஜூன் மாதக் கூட்டத்தில் ஆள் பற்றாக்குறைக்கு அவன் பதில் இல்லை. பெரியவருக்கு மாற்றாக நிறுத்தக்கூடாது என்று விதி சொல்வது சரியாக அந்த நிலைமையைத்தான்.

இதே மருமகனை வைத்துக் கடைக்கு ரீல்ஸ் எடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால், அதற்கும் ஒரு வார்த்தை. விளம்பரத்தில் குழந்தை நடிப்பது அந்தக் கலைஞர் விலக்கின் கீழ் வருகிறது. அதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், ஒரு நாளில் 5 மணி நேரம்தான் வரம்பு, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பு வைக்க வேண்டும். மாமா தன் போனில் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடும் அரை நிமிட வீடியோவுக்கும் இத்தனையும் உண்டா என்பது இன்னும் யாரும் தெளிவாக்காத இடம். எடுக்காமல் இருப்பது சுலபம்.

சம்மதக் கடிதத்துக்கு வருகிறேன். அதற்குச் சட்டத்தில் மதிப்பு எதுவும் இல்லை. பெற்றோர் சம்மதித்தால் செய்யலாம் என்று இந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் அந்தக் கடிதம் உங்களுக்கே எதிரான சாட்சி, வயது தெரிந்தேதான் வைத்தீர்கள் என்பதற்கு. 18 முடியாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-லிருந்தே நிலைத்துவிட்ட விஷயம். ஆகவே "மூன்று மாதம் கட்டாயம் வருவான், இல்லையென்றால் பணம் திருப்பித் தர வேண்டும்" என்று பையனிடம் எழுதி வாங்கினாலும் அது வெறும் காகிதம். அப்பாவுக்கு முன்பணம் கொடுத்து அதைப் பையனின் உழைப்பில் கழிப்பது இன்னும் மோசம். அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானே இரண்டு மூன்று பேருக்கு இப்படிச் சம்மதக் கடிதம் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன், நோட்டரி முத்திரையோடு. ஒரு ஆய்வாளர் அதை வாங்கிப் படித்துவிட்டு, மடித்து, அதே கோப்பில் சான்றாக வைத்துக்கொண்டார். அன்றோடு நிறுத்தினேன்.

கடிதத்துக்குப் பதில் என்ன வைத்திருக்க வேண்டும்? முதலில் வயதுக்கான சான்று. பிறப்புச் சான்றிதழ் நல்லது, பள்ளி மாற்றுச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ இருந்தாலும் சரி. ஆதார் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். அது அடையாளச் சான்று, பிறந்த தேதிக்கான முடிவான சான்று இல்லை. ஜனவரி 1 என்று பிறந்த தேதி போட்ட ஆதார் எத்தனை பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. "பத்தாவது படிக்கிறான், அப்ப 15 இருக்கும்" என்று வகுப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் 13 வயதுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். வயதில் சந்தேகம் வந்தால் ஆய்வாளர் மருத்துவ அதிகாரிக்கு அனுப்புவார். அதற்கு 10-ஆம் பிரிவு இருக்கிறது.

அடுத்து, வளரிளம் பருவத்தினரை வைத்தால் 30 நாளைக்குள் உங்கள் பகுதித் தொழிலாளர் ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: கடையின் பெயர், இடம், நிர்வகிப்பவர் யார், தபால் முகவரி, என்ன வேலை. இது 9-ஆம் பிரிவு. நூறு கடைக்காரர்களில் ஒருவர்கூட இதைச் செய்து நான் பார்த்ததில்லை என்றால் மிகையாக இருக்கும். இரண்டு பேர் செய்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஆய்வு சீக்கிரம் முடிந்தது. அப்புறம் 11-ஆம் பிரிவுப் பதிவேடு: பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம், என்ன வேலை. இதைத் தினமும் எழுதுங்கள். ஒரு பேக்கரியில் முப்பது நாள் வருகையும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், "10-1, 2-4" என்று அச்சடித்த மாதிரி எழுதியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கும் எழுதிவிட்டார்கள், பேக்கரிக்கு வார விடுமுறை ஞாயிறு என்று சுவரில் ஒட்டியிருக்க! அந்தப் பையனுக்கு 16 வயது, செய்த வேலை பில் போடுவது, மற்ற எல்லாமே சரி. பதிவேடு ஒன்றே அவர்களைக் கவிழ்த்தது.

வேலை என்றால் எந்த வேலை என்பதிலும் கவனம் வேண்டும். பத்து ரீம் ஏ4 தாள் உள்ள பெட்டி 20 கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்கிக்கொண்டு மரப்படியில் மச்சுக்கு ஏறச் சொல்லாதீர்கள். நோட்டு விளிம்பு வெட்டும் கட்டிங் மெஷின் பக்கம் போகவே கூடாது. லேமினேஷன் உருளை சூடாக இருக்கும்போது சிக்கிய தாளை விரலால் இழுப்பது பெரியவர்களுக்கே வழக்கம், பையன் பார்த்துப் பழகுவான். ஜெராக்ஸ் எடுப்பது, பில் போடுவது, நோட்டு எண்ணி அடுக்குவது, பிரவுன் அட்டை போட்டு லேபிள் ஒட்டுவது, இவை போதும். தீபாவளிக்குக் கடை வாசலில் பட்டாசு போடும் பழக்கம் இருந்தால், அந்த நாள்களில் 18 முடியாத யாரும் அங்கே நிற்கக்கூடாது. அவனிடம் வண்டிச் சாவியையும் கொடுக்காதீர்கள். 16 வயதில் கிடைப்பது 50 சிசி-க்குள் உள்ள கியர் இல்லா வண்டிக்கான உரிமம்தான், உங்கள் எக்ஸ்எல் 100 அந்த அளவைப் போல இரண்டு மடங்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பக்கத்துப் பள்ளிக்கு நாலு கட்டு விடைத்தாள் கொண்டுபோய்க் கொடுக்க அனுப்புவதற்கு அது பெரிய விலை.

சம்பளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கடை வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கணக்கில் வகுத்து, குறையாமல் கொடுங்கள். 10 வயதுக்கு மேல் பையன் பெயரிலேயே வங்கிக் கணக்கு வைத்து இயக்க முடியும், அதில் போடுங்கள். "மொத்தமாகச் சேர்த்து ஜூன் கடைசியில் தருகிறேன்" என்று நிறுத்தி வைக்காதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவரின் சம்பளத்தைப் பிடித்து வைப்பதற்கு இளஞ்சிறார் நீதிச் சட்டம், 2015-ன் 79-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் இருக்கிறது. நம் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் மூன்று வருஷம் முடிந்தால் மொத்தத் தொகை என்று சொல்லி வளரிளம் பெண்களை வைத்த சுமங்கலித் திட்டத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மாட்டினால் என்ன ஆகும் என்று எல்லாரும் கேட்பார்கள், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை வைத்தாலோ, 18-க்கு உட்பட்டவரை ஆபத்தான தொழிலில் வைத்தாலோ, 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது தடவை என்றால் 1 முதல் 3 ஆண்டு சிறை, அபராதத்தோடு தப்ப வழி இல்லை. போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் இது. குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன்பு நிறுத்துவார்கள். இது தவிர, சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் என்று முதலாளி மறுவாழ்வு நிதிக்குக் கட்ட வேண்டும் என்று சொன்னது. உங்கள் பையன் விஷயம் அந்த அளவுக்குப் போகாது. 15 வயதுப் பையனை இரவு 9 வரை நிறுத்தியது, பதிவேடு இல்லாதது, அறிவிப்பு கொடுக்காதது ஆகியவை சிறிய குற்றங்கள்: 1 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு தினம். அதையொட்டி மாவட்டம் முழுக்க ஆய்வு நடக்கும், உங்கள் நோட்டுப் புத்தக சீசனும் அதே வாரம்தான். மறுநாள் பேப்பரில் வரும் செய்தியில் யாரும் 14-க்கும் 15-க்கும் வித்தியாசம் பார்த்து எழுத மாட்டார்கள்.

இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதையும் மறைக்க விரும்பவில்லை. கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. 15 வயதுப் பையன் பள்ளியை விட்டுவிட்டு காலை 10 முதல் மாலை 4 வரை உங்கள் கடையில் நின்றால், இந்தச் சட்டத்தின் நேரக் கணக்குப்படி அதில் தவறே இல்லை. பள்ளிக்குப் போய்விட்டு வந்து இரவு 8 வரை நிற்பவனை வைத்தால்தான் தவறு. பள்ளி வேளையில் கடையில் நிற்கும் பையனைப் பார்த்து ஒன்றும் செய்ய முடியாமல் ஆய்வாளர் நோட்டை மூடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த 1996 தீர்ப்பிலேயே, ஆபத்தில்லாத வேலையில் இருக்கும் குழந்தைக்கு முதலாளி செலவில் தினம் 2 மணி நேரமாவது படிப்பு கிடைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. எந்தக் கடையிலும் அதை நான் கண்டதில்லை. உங்கள் பையன் பத்தாவது ரிசல்ட் வந்ததும் பிளஸ் ஒன் சேர்கிறானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேரவில்லை, தொழில்தான் கற்றுக்கொள்ளப் போகிறான் என்றால், 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 14 வயதிலிருந்தே முறையான பயிற்சிக்கு வழி உண்டு, ஆபத்தான தொழில்களுக்கு மட்டும் 18. பக்கத்து ஐடிஐ-யில் விசாரித்தால் சொல்வார்கள். ஜெராக்ஸ் கடையில் மூன்று வருஷம் நிற்பதைவிட அது அவனுக்குப் பயன்படும்.

ஆக, லீவில் 10 முதல் 4 வரை, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு, வாரம் ஒரு நாள் லீவு என்று அந்தப் பையனை வையுங்கள். பள்ளி திறந்த பிறகு மாலை 5 முதல் 7. இரவு 7 முதல் 9 வரைக்கு 18 முடிந்த ஒரு காலேஜ் பிள்ளையைத் தேடுங்கள், உங்கள் ஊரில் கிடைக்காமல் போகாது. அறிவிப்புக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பதிவேட்டிலேயே ஒட்டி வையுங்கள். அப்பா எழுதிக்கொடுத்த சம்மதக் கடிதத்தைத் தாராளமாகக் கிழித்துப் போடலாம். கிழிப்பதற்கு முன்னால், அதன் அடியில் அவர் போன் நம்பர் எழுதியிருந்தால் அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்குப் பையனை அழைத்துப்போக யாராவது வரவேண்டியிருக்கும்.